சட்டகத்துக்கு வெளியே நின்ற மலை

மேலூரைச் சுற்றி ஒளிப்படம் எடுத்துத் திரியும் எங்கள் நால்வருக்கும் அது தொழில் அல்ல. ஒருவர் வங்கியில் பணிபுரிகிறார், இருவர் ஆசிரியர்கள், மற்றொருவர் விதைக்கடை வைத்திருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் ஒரு தேநீர்க்கடை வாசலில் கூடி, இரண்டு இருசக்கர வாகனங்களில் கண்மாய்க்கரை, கால்வாய்க்கரை, மலையடிவாரம் என்று போய், வெயில் ஏறியதும் வீடு திரும்புவது எங்கள் வழக்கம். பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்களை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் தொடங்கியது, டிஜிட்டல் வந்து எண்ணிக்கையே அற்றுப்போன இந்நாள்வரை தொடர்கிறது.

இத்தனை ஆண்டுகளாக எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுண்டு: "மேலூரில் எடுப்பதற்கு என்னதான் இருக்கிறது? கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ போகலாமே?" இக்கேள்விக்கு நெடுங்காலம் நாங்கள் தந்த விடை, ஊரும் அழகாகத்தான் இருக்கிறது என்பது. அந்த விடை பொய்யல்ல. ஆனால் போதாது என்பதையும், ஒருவகையில் தீங்கானது என்பதையும் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பருவங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தொல்காப்பிய மரபை எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஆனால் மேலூர்க்காரன் ஒருவன் புரட்டாசியில் வானத்தை நிமிர்ந்து பார்த்தால் அங்கே கருமேகத்தை விட வெளுத்த வெயிலே மிகுதியாகத் தெரியும். எங்கள் பெருமழை ஐப்பசியில்தான். அப்படியானால் கார் எங்களுக்கு இல்லையா? இருக்கிறது, அது வானத்திலிருந்து வராமல் கால்வாயில் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழையாகப் பெய்த நீர், 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, வைகையோடு கலந்து, பேரணையில் பிரிந்து, கள்ளந்திரி தாண்டி எங்கள் ஒருபோகப் பாசனப் பகுதிக்கு வந்து சேர்கிறது. சுமார் 85,000 ஏக்கர் நிலம் அந்த நீரை நம்பியிருக்கிறது. வழக்கமாகச் செப்டம்பர் நடுவில் திறக்கவேண்டிய தண்ணீர் பிந்தினால் ஊரே சாலையில் அமரும். ஆக, எங்கள் கார்காலத்தைப் படமெடுக்க விரும்புபவன் மேகத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. வறண்ட கால்வாயின் தரையில் முதல் நீர் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும் அந்த அரைமணி நேரத்துக்குக் காத்திருந்தால் போதும்.

கூதிர்ப் பருவத்தில் கண்மாய்கள் நிறையும். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மறுநாள், நனைந்த பாறைக் குன்றுகள் கருமை கொண்டு நிற்கும். வெயிற்காலத்தில் ஏறத்தாழ வெண்மையாகத் தெரியும் அதே பாறைதான் இது. ஒளியளவுமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதி அளப்பதால், வெளுத்த பாறையை மங்கலாகவும் கருத்த பாறையை வெளிறியும் காட்டிவிடும். கருவியின் சொல்லை மீறி நம் கண் கண்டதை நம்பவேண்டும் என்ற பாடத்தை எங்களுக்குக் கற்பித்தவை இக்குன்றுகளே. முன்பனிக் காலமாகிய மார்கழி தையில், நடவு முடிந்து வளர்ந்த வயல்மீது தாழ்ந்து படியும் பனிமூட்டமும், அதற்கு மேலே அடிப்பாகம் மறைந்து மிதப்பதுபோல் நிற்கும் மலைகளும். அறுவடையும் மஞ்சுவிரட்டும் வந்து போகும்.

பின்பனியில் கண்மாய் வற்றத் தொடங்கும். மாசி பங்குனி முதல் ஊருக்கு ஊர் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, வலை என்று கைக்குக் கிடைத்ததோடு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேற்றுநீரில் இறங்குவர். சுற்றுவட்டாரத்தில் யார் வந்தாலும் தடையில்லை. பிடித்த மீனை விற்காமல் சமைத்து உண்பதும் பகிர்வதுமே வழக்கம். அதைப் படமெடுப்பவன் கரையில் நின்றால் கூட்டம் மட்டுமே கிடைக்கும். முழங்காலளவு நீரில் தானும் இறங்கினால்தான் முகங்கள் கிடைக்கும்.

பிறகு வேனில். மேலூர் ஏறத்தாழ பத்தாம் பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே சித்திரை பிறந்த ஓரிரு நாளில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டுவைத்த கம்புக்கு நிழலே இராது. ஆவணியில் இன்னொரு முறை இது நிகழும். இவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஆனி ஆடி மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மார்கழியிலோ உச்சிவேளையிலும் அது தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 57 பாகை உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. இதன் பொருள், வடக்கு நோக்கிய பாறை முகம் மார்கழியில் பகல் முழுதும் நிழலில் கிடக்கும். ஆடியில் அதன்மீது வெயில் சறுக்கிக்கொண்டு இறங்கும். பாறைச் செதுக்கல்களைப் படமெடுப்பவர்களுக்கு இது பெரிய செய்தி. பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில்தான் தேய்ந்துபோன எழுத்துக் கீறலுக்கு நிழல் பிறக்கும். நேர் ஒளியில் வெறும் பாறையாகத் தோன்றிய இடத்தில் எழுத்து எழுந்து நிற்கும். மாங்குளம் மீனாட்சிபுரத்தின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ராபர்ட் சுவெல் 1882-இல் கண்டறிந்து, நெடுஞ்செழியன் என்ற பெயர் அதில் இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1965-இல் வாசித்து உலகறியச் செய்யும்வரை எண்பது ஆண்டுகளுக்குமேல் ஆயின. பாறை எப்போதும் அங்கேயேதான் இருந்தது. படிக்கத் தெரிந்த கண்ணும் அதற்கேற்ற ஒளியும் ஒன்றாக வரவேண்டியிருந்தது.

இவ்வளவும் அழகைப் பற்றிய பேச்சு. இனி அதன் மறுபக்கத்துக்கு வருகிறோம்.

அண்மையில் எங்கள் பழைய படங்களை ஒழுங்குபடுத்த அமர்ந்தோம். பெட்டியிலிருந்த நெகட்டிவ்கள், குறுந்தகடுகள், செயலற்றுப்போன கணினியிலிருந்து மீட்டவை எல்லாம் சேர்த்து ஆண்டுவாரியாக அடுக்கியபோது, கீழவளவுப் பக்கம் 2005 முதல் 2011 வரை நாங்கள் எடுத்தவற்றில் ஒரு விந்தை புலப்பட்டது. அந்த ஆண்டுகளில் கீழவளவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கிரானைட் குவாரிகள் இரவும் பகலும் இயங்கின. வெடிச்சத்தத்தில் ஓடுகள் அதிர்ந்தன. வெட்டியெடுத்த கற்பாளங்கள் வீடளவு உயரத்துக்கு வயலோரம் அடுக்கப்பட்டிருந்தன. பாளங்களை ஏற்றிய லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்காமல் நாங்கள் எந்த மலைக்கும் போனதில்லை. ஆனால் எங்கள் படங்களில் ஒரு பாளம் இல்லை. ஒரு லாரி இல்லை. ஒரு பள்ளம் இல்லை. தாமரை பூத்த ஊருணி இருக்கிறது. வாத்துக் கூட்டம் இருக்கிறது. மாலை வெயிலில் பொன்னாக ஒளிரும் குன்றின் உச்சி இருக்கிறது. அந்தக் குன்றின் அடிப்பாகம் இல்லை. ஏனென்றால் அடிப்பாகத்தில் குவாரி இருந்தது.

யாரும் எங்களைத் தடுக்கவில்லை, மிரட்டவுமில்லை. குவாரிக்காரர்களுக்கு அஞ்சியிருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். காரணம் அதனினும் சிறியது: அது படத்தைக் கெடுத்தது. இரண்டடி இடப்புறம் நகர்ந்து, ஒரு புளியங்கிளையை முன்னே விட்டு, லென்ஸைச் சற்று உயர்த்தி அதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினோம். அதைத் 'தொகுத்தமைவு' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அப்படி எடுத்த படமொன்று போட்டியில் பரிசும் பெற்றது. இன்று அக்குன்றின் இடத்தில் ஆழமான நீர்க்குட்டை நிற்கிறது. அது முழுமையாக இருந்தபோது எப்படி இருந்தது, எந்த ஆண்டில் எவ்வளவு குறைந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படமும் இல்லை. வாரந்தோறும் கேமராவுடன் அவ்வழியே போனவர்கள் நாங்கள்.

2012 மே மாதத்தில், அப்போது மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு பதினாறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசுக்கு எழுதினார். 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015-இல் அவர் அறிக்கை அளித்தார். அந்தக் காலத்தில் கிராமம் கிராமமாக மக்கள் மனுக்களோடு வந்து நின்றனர்: இங்கே ஒரு ஓடை இருந்தது, அங்கே ஒரு கண்மாய் இருந்தது, இந்தக் குன்றில் எங்கள் சாமி இருந்தது என்று. 'இருந்தது' என்ற சொல்லுக்கு அவர்களிடம் நினைவே சாட்சி. எங்களிடம் இருந்திருக்கவேண்டிய சாட்சியை நாங்கள் புளியங்கிளைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தோம்.

இதனால் நாங்கள் சொல்ல வருவது இதுதான்: சொந்த ஊரைப் படமெடுக்கும் பொழுதுபோக்காளனுக்கு, ஊர் அழகாக இருக்கிறது என்று காட்டுவதைவிட மூத்த கடமை ஒன்றுண்டு. ஊர் இப்படி இருக்கிறது என்று, தேதியோடு, காட்டுவதே அது.

இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு எங்கள் ஊர்ச் சாலையிலேயே உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் கோயிலையும் மண்டபங்களையும் எடுத்த அவர், ஒத்தக்கடை யானைமலையையும் எடுத்தார். அதை ஓர் ஓரத்திலிருந்து பார்க்கும் படமும் அவற்றுள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டொன்றைத் துண்டு துண்டாக எடுத்து, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளச் சுருளாக ஒட்டியவரும் அவரே. அவருடைய நோக்கம் ஆட்சியாளருடையது. ஆளும் நாட்டை அட்டவணையிடுவது. சிக்கனம் கருதி அந்த ஏற்பாட்டையும் 1860-இல் அரசு முடித்துவிட்டது. ஆயினும் இன்று அந்த யானைமலைப் படத்தைப் பார்க்கும் எங்களுக்கு, அதன் முதுகுக்கோடு இன்றும் அப்படியே இருப்பது ஓர் ஆறுதல். அது தானாக அப்படி இருந்துவிடவில்லை. 2010-ஐ ஒட்டி அம்மலையில் சிற்பநகரம் அமைக்கும் திட்டம் ஒன்று எழுந்தபோது சுற்றியிருந்த ஊர் மக்கள் எதிர்த்து நின்றதால், திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் சூழலில்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனின் முயற்சியில் 'பசுமை நடை' பிறந்தது. மதுரையைச் சுற்றிய சமணக் குன்றுகளுக்கு மக்களைக் கூட்டமாக அழைத்துச் சென்று, அவ்விடத்திலேயே வரலாற்றைப் பேசவைத்தது.

இன்னொரு முன்னோடி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தவர்; பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவால் எடுத்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். யானையை எழுதிய அதே அக்கறையோடு வீட்டுத் தோட்டத்துப் பறவையையும் எழுதியவர் அவர். தொலைவில் இருப்பதால் ஒன்று சிறந்ததாகிவிடாது, அருகில் இருப்பதால் ஒன்று அற்பமாகிவிடாது என்பதே எங்களுக்கு அவரிடமிருந்து கிடைத்த பாடம்.

பதிவு என்ன செய்யும் என்பதற்கு அரிட்டாபட்டியே போதுமான விடை. ஏழு மலைகளும் நீர்ச்சுனைகளும் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயிலும் சமணப் படுக்கைகளும் கொண்ட அந்த ஊரையும், அதை அடுத்த மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேர் பரப்பை, 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏறத்தாழ 250 பறவை இனங்கள் அங்கு உண்டு என்பது அறிவிப்பின் அடிப்படைகளுள் ஒன்று. லகர் வல்லூறும் ராசாளிப் பருந்தும் தேவாங்கும் எறும்புண்ணியும் அப்பட்டியலில் இடம்பெற்றன. ஒரே ஒரு காலைப்பொழுதில் வந்துபோன எவரும் 250 பறவைகளை எண்ணிவிட முடியாது. பருவந்தோறும் திரும்பத் திரும்பப் போனவர்கள் இருந்தால்தான் இத்தகைய எண்ணிக்கை உருவாகும்.

இரண்டு ஆண்டு கழிந்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அப்பரப்பில் அரிட்டாபட்டியும் அடங்கியது. ஊர்கள் திரண்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி மக்கள் பெருந்திரளாக நடந்தனர். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக ஒன்றிய அரசு அறிவித்தது. வென்றது மக்கள்தான், படங்கள் அல்ல. அதை மிகைப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. ஆயினும் 'அங்கே என்ன இருக்கிறது?' என்ற கேள்வி வந்தபோது, காட்டுவதற்கு இம்முறை ஏதோ இருந்தது. கீழவளவுக் குன்றுகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எங்களுக்குள்ளேயே எழுந்தது. எங்கள் நண்பர்களுள் ஒருவர் சொன்னார்: "கலையை நிலஅளவைத் துறையின் வேலையாக ஆக்குகிறீர்கள். குவாரியைத்தான் எடுக்கவேண்டும் என்றால் பனிமூட்டத்தை யார் எடுப்பது? துயரத்தை மட்டும் காட்டுவதும் ஒருவகை அலங்காரம்தானே?" இதில் உண்மை இருக்கிறது. சுருக்கம் விழுந்த முதியவர் முகம், கிழிந்த சட்டைச் சிறுவனின் சிரிப்பு என்று வறுமையைப் பரிசுப்பொருளாக்கும் படங்களை நாங்களும் பார்த்துச் சலித்திருக்கிறோம். அழகை ஒதுக்கிவிட்டு அவலத்தைத் தேடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பனிமூட்டத்தை எடுங்கள்; அதே இடத்தில் நின்று, வலப்புறம் திரும்பி இன்னொரு படமும் எடுங்கள். முதற்படம் உங்களுக்காக, இரண்டாவது ஊருக்காக. பல ஆண்டு கழித்து எது சிறந்த படம் என்பதைக் காலம் முடிவு செய்யட்டும். அழகு வற்றிப்போகும் என்று அஞ்சவும் வேண்டாம். ஒரே கண்மாயை ஆறு பருவத்திலும் ஒரே கரையில் நின்று எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். நிறைந்த நீரின் படத்துக்குப் பக்கத்தில் வெடித்த மண்ணின் படம் வரும்போதுதான் அந்த நீரின் அழகே விளங்குகிறது.

இப்போது நாங்கள் கைக்கொள்ளும் சில வழக்கங்களைச் சொல்லலாம். விதிகள் என்று கொள்ளவேண்டாம். ஊரைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்துகொண்டோம்: கால்வாய் மதகொன்று, கண்மாய்க் கலிங்கொன்று, மலையடிவாரங்கள் சில, சந்தைத்திடல், ஆலமரம் இருந்த நாற்சந்தி. ஒவ்வொரு பெரும்பொழுதிலும் ஒருமுறை, அதே இடத்தில், அதே உயரத்தில், அதே லென்ஸில் ஒரு படம். நாளும் நேரமும் குறிப்பேட்டில் எழுதப்படும். அந்தப் படத்தில் எதையும் நீக்குவதில்லை. மின்கம்பி இருந்தால் இருக்கட்டும், குப்பை இருந்தால் இருக்கட்டும். மனிதரை எடுத்தால் அவரிடம் கேட்டுவிட்டே எடுப்பது. அடுத்தமுறை போகும்போது ஓர் அச்சுப்படியைக் கையில் கொடுப்பது. ஏழைகாத்த அம்மன் திருவிழாவில் தெய்வமாக விரதமிருக்கும் சிறுமியரை ஊரார் அனுமதியின்றி எடுப்பதில்லை. பறவைக்கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் அறிவிப்பதில்லை. தேவாங்கின் கண்ணில் பிளாஷ் அடிப்பதில்லை. ஆண்டு முடிவில் இருபது படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு வைப்பது. குறுந்தகடுகளை நம்பி நாங்கள் இழந்தவை பல. முதல் பிலிம் சுருளின் நெகட்டிவோ இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த மார்கழியில் அரிட்டாபட்டிக் கரையில் எங்கள் வழக்கமான படத்துக்காக நின்றிருந்தோம். ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று, "என்னப்பா, போன தடவையும் இதே இடத்துலதான நின்னு எடுத்தீங்க? மலை எங்க போகப்போகுது?" என்று கேட்டுச் சிரித்தார். எங்களுள் ஒருவர், "போயிடக்கூடாதுன்னுதான் ஐயா" என்றார். அவர் சிரிப்பை நிறுத்தி, சற்றுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இந்தப் பக்கமும் ஒண்ணு எடுத்துக்கங்க" என்று தம் கைக்கம்பால் கிழக்கே காட்டினார். அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. சில பனைகள், ஒரு மேடு, தரிசாகக் கிடந்த துண்டு நிலம். எடுத்துவைத்திருக்கிறோம், தேதியும் எழுதிவைத்திருக்கிறோம்.